ஒரு மண்டல ஜூஸுக்குப் போட்ட பட்ஜெட்

சாப்பிடாமல் இருக்க எவ்வளவு செலவாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவள் சித்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பட்டினி கிடக்கப் பணம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். "பட்டினி இல்ல, இது ஜூஸ் விரதம். அதுவும் ஆர்கானிக். ஒரு மண்டலத்துக்கு இன்னா ஆவும்னு நீ ஒரு பட்ஜெட் போடு" என்றார் என் வீட்டுக்காரர். மாம்பழக் கூழ் ஆலையில் காலமெல்லாம் கணக்கு எழுதுகிறவளைக் கட்டிக்கொண்ட மனிதர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

விரதத்துக்குக் காரணம் சாமி இல்லை, அவருடைய தங்கை. திருப்பதியில் தையல் கடை வைத்திருந்தவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அதற்காக இடது கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஏதோ ஓடுவது தெரியும். அவள் கணவனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. அவனுடைய ரத்த வகை சேரவில்லை. அண்ணனுடையது சேர்ந்தது. சேர்ந்த அன்றைக்கே இவர் முடிவெடுத்துவிட்டார். ரேஷன் கடைக்குப் போய் வருகிறேன் என்று சொல்கிற குரலில் அதை என்னிடம் சொன்னார்.

மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் என்னையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். சம்மதம் என்று தலையாட்டினேன். வேறு எந்தப் பக்கம் ஆட்டுவது? வேண்டாம் என்றால் ஒரு பெண்ணைச் சாகவிட்டவள் ஆவேன். சரி என்றால் ஐம்பது வயதில் புருஷனைப் படுக்கவைத்து அறுக்கச் சொன்னவள் ஆவேன். எங்களுக்கு ஒரே மகள், ஹாஸ்டலில் படிக்கிறாள், இன்னும் காலேஜ் முடிக்கவில்லை. எனக்குப் பயம். ஆனால் எதிரில் நாத்தனார் ஊசி குத்திக் கறுத்துப்போன கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயம் என்ற வார்த்தையை அவள் முன்னால் எப்படி எடுப்பது?

டாக்டரம்மா ஒரு நிபந்தனை வைத்தார். சிறுநீரகங்கள் நன்றாக இருக்கின்றன, ஆனால் உடம்பு எடை அதிகம், குறைத்துவிட்டு வாருங்கள், அதன் பிறகு எல்லாப் பரிசோதனைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தேதி குறிக்கலாம் என்றார். எடை அதிகம் என்பதில் ஆச்சரியம் இல்லை. இவர் திருப்பதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். தினமும் சித்தூரிலிருந்து பஸ். லாட்ஜின் கீழே ஓட்டல். தரிசனம் முடித்து வருகிறவர்கள் நேரங்கெட்ட நேரத்தில் அறை காலி செய்வார்கள், இவரும் நேரங்கெட்ட நேரத்தில் பூரி தின்பார். அது இடுப்பைச் சுற்றி அப்படியே உட்கார்ந்திருந்தது.

எப்படிக் குறைப்பது என்று ஆஸ்பத்திரியிலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ராகி சங்கடி, அதாவது கேழ்வரகுக் களி, இவ்வளவு, காய் இவ்வளவு, மோர் இவ்வளவு, நடை இவ்வளவு. புதிதாக ஒன்றும் இல்லை, செலவும் இல்லை. அதனாலேயே இவருக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. "சங்கடி துன்னு இளைக்கிறதுக்கு டாக்டர் எதுக்கு?" என்றார். லாட்ஜ் தெருவில் ஒரு ஆர்கானிக் கடை இருந்தது. அந்தக் கடைக்காரருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, குழுவில் தினமும் ஒரு அதிசயம். ஒரு மண்டலம் ஜூஸ் மட்டும் குடித்தால் உடம்பு சுத்தமாகி, கெட்டது எல்லாம் கழன்று, உள்ளுறுப்புகள் புதிதாகிவிடுமாம். தங்கைக்குக் கொடுக்கப்போகிற சிறுநீரகத்தைப் புதிதாக்கிக் கொடுக்கவேண்டும் என்று இவருக்கு ஆசை வந்துவிட்டது. கல்யாணத்துக்குச் சீர் வைக்கிறபோது பாத்திரத்தைத் துலக்கி வைப்போமே, அந்தப் புத்தி.

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். கடைக்காரர் ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்திருந்தார். எந்த நாள் எந்த ஜூஸ், எவ்வளவு பழம், என்ன விலை எல்லாம் அதில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கிலோ மாதுளைக்கு ஒரு லிட்டர் ஜூஸ் என்று போட்டிருந்தார். எங்கள் கூழ் ஆலையில் முதலில் பார்ப்பதே ரெகவரிதான். ஒரு டன் மாங்காய் உள்ளே போனால் எவ்வளவு கூழ் வெளியே வருகிறது என்பது. தோலும் கொட்டையும் போக மிச்சம் இருப்பதுதான் காசு. நான் ரைத்து பஜாரில், அதுதான் உழவர் சந்தையில், மாதுளையும் கேரட்டும் வாங்கிவந்து, பிழிந்து, அளந்து பார்த்தேன். பாதிக்குப் பாதி சக்கை. அப்படியானால் கடைக்காரர் சொன்ன தொகையை இரண்டால் பெருக்கவேண்டும். அதோடு மெதுவாகப் பிழிகிற மிஷின் ஒன்று, கண்ணாடி பாட்டில்கள், கூடுதல் கரண்டு, திருப்பதியிலிருந்து தூக்கி வரும் ஆட்டோ. விலை ஏறினால் சமாளிக்க ஒரு தொகை. ஆலையில் எப்படிப் போடுவேனோ அப்படிப் போட்டேன்.

மொத்தத்தைப் பார்த்தபோது எனக்கே மூச்சு நின்றது. மகளுக்கு ஸ்கூட்டி வாங்க எடுத்துவைத்திருந்த பணம் முழுவதும் போய், அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. இந்தத் தொகையைப் பார்த்தால் மனிதர் பேசாமல் சங்கடிக்குத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். இவ்வளவு வருடம் குடித்தனம் நடத்தியும் எனக்கு அவரைத் தெரியவில்லை. தொகையைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை கூடிவிட்டது. "இவ்ளோ ஆவுதுன்னா அதுல விஷயம் இருக்குது" என்றார். ஸ்கூட்டியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று மகளிடம் அவரே போனில் சொல்லிவிட்டார். அவளும் அத்தைக்காகத்தானே என்று சரி சொல்லிவிட்டாள். வீட்டில் எல்லோரும் நல்லவர்களாக இருந்தால் நடுவில் ஒருத்தி என்னதான் செய்வது?

ஆரம்பிப்பதற்கு முன்னால் காணிப்பாக்கம் போய்வரலாம் என்றார். நல்ல காரியத்துக்கு முன்னால் பிள்ளையாரைப் பார்ப்பது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான், சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரம். நான் அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டு திரும்பினால் ஆளைக் காணவில்லை. தேடினால் குளத்தில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு வருகிறார்.

காணிப்பாக்கத்தில் ஈரத்துணியோடு சன்னிதிக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சத்தியம் செய்யப் போகிறார்கள். எங்கள் ஜில்லாவில் குடிகாரனை, திருடனை, பங்காளி நிலத்தை அமுக்கினவனை எல்லாம் கடைசியில் அங்கேதான் கூட்டிவருவார்கள். போலீசிடம் பொய் சொல்கிறவன்கூட அந்தக் குளத்துப் படியில் நின்று உண்மையைக் கக்கிவிடுவான். அங்கே பொய்ச் சத்தியம் செய்தால் அந்தச் சாமி விடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

"இன்னாங்க பண்றீங்க, ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்று கூட்டத்தில் அவர் பின்னாலேயே ஓடினேன். அவர் காதில் வாங்கவில்லை. சன்னிதிக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, சத்தமாகவே சொன்னார். "எந்தங்கச்சிக்கு கிட்னி குடுக்கிற வரைக்கும் அடுப்புல ஏறுன எதையும் நான் துன்ன மாட்டேன். இது சத்தியம்."

ஒரு மண்டலம் என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. கொடுக்கிற வரைக்கும் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் வரும்போது, "குடுக்க முடியாம போனா?" என்று கேட்டேன். "நல்ல வார்த்தை பேசு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் வாரம் வீடே ஒரு ஜூஸ் கடை. மிஷின் சத்தத்தோடுதான் பொழுது விடிந்தது. கேரட், மாதுளை, ஆப்பிள், பூசணி. நான் பாட்டில்களில் பிடித்து, ஐஸ் டப்பாவில் வைத்துக் கொடுப்பேன், அவர் அதைத் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறுவார். நான் பிழிந்து ஊற்றிய ஒவ்வொரு டம்ளரும் அவரை அந்த ஆபரேஷன் மேஜைக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிழிந்தேன். அவர் முன்னால் சாப்பிட மனம் வராமல், அவர் கிளம்பின பிறகு அடுக்களையில் நின்றபடியே பழையதைத் தின்றேன். தாளித்தால் வாசனை வரும் என்று தாளிப்பதையே விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் இவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். சாத்திவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நிற்பார்.

நாத்தனார் தினமும் போன் செய்வாள். சத்தியத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாது, சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. "அண்ணி, அண்ணன் துன்னுட்டாரா?" என்பாள். "ஜூஸ் குடிச்சிக்கினு இருக்காரு" என்பேன். "இன்னா ஜூஸு?" என்று ஆசையாகக் கேட்பாள். சொல்வேன். அவளுக்கு அதில் ஒரு வாய்கூடக் கூடாது. பழம், இளநீர், கீரை எதுவும் ஆகாது, தண்ணீரே அளந்துதான் குடிக்கவேண்டும். தங்கைக்கு ஆகாததை எல்லாம் தேடித்தேடி அண்ணன் குடித்துக்கொண்டிருந்தார். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் போனை வைப்பேன்.

பட்ஜெட் பத்தே நாளில் பல்லைக் காட்டிவிட்டது. மாதுளை விலை ஏறியது. ஆர்கானிக் ஆப்பிள் வரத்து இல்லை என்று கடைக்காரர் ஏற்றிய விலை அநியாயம். நான் திருப்பதிக்கே போய்ச் சண்டை போட்டேன். "இது சாதா ஆப்பிள்தானே, ஸ்டிக்கரை மட்டும் மாத்தி ஒட்டினா ஆர்கானிக்கா?" என்றேன். அவர் அசையவில்லை. "ஆர்கானிக் அண்டே ஆர்கானிக்கே, மேடம்" என்று தெலுங்கில் புன்னகை செய்தார், ஆர்கானிக் என்றால் ஆர்கானிக்தானாம். விலை ஏறினால் சமாளிக்க என்று நான் எடுத்துவைத்த தொகையும் அன்றைக்கே தீர்ந்தது.

அந்தச் சிக்கலுக்கு இவரே ஒரு வழி கண்டுபிடித்தார். காணிப்பாக்கம் பக்கத்தில் மருந்து அடிக்காமல் கீரை போடுகிற ஒரு விவசாயி, காலையில் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கே கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தார். பாலக்கீரை கொள்ளை மலிவு. பீட்ரூட்டும் அவரிடமே. அதோடு நெல்லிக்காய் ஒரு கைப்பிடி. "இனிமே பச்சை ஜூஸ்தான். பழத்துல இன்னா இருக்குது, வெறும் சர்க்கரை" என்று இவர் ஆர்கானிக் கடைக்கே பாடம் நடத்த ஆரம்பித்தார். குழுவில் படம் போட்டார், நாற்பது பேர் கை தட்டினார்கள். லிட்டர் லிட்டராகப் பச்சையாகக் குடித்தார். செலவு கிடுகிடுவென்று இறங்கியது. என் வாழ்க்கையில் போட்ட பட்ஜெட்டுக்குக் கீழே ஒரு செலவு வந்தது அந்த ஒரு முறைதான். ஆலையில் பக்கத்து மேஜைக்காரியிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

எடையும் இறங்கியது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். கன்னம் ஒட்டி, கல்யாண போட்டோவில் இருந்த முகம் லேசாக எட்டிப் பார்த்தது. எனக்கே ஒரு நம்பிக்கை வந்த மாதிரி இருந்தது, அதாவது, என் பயத்தையும் மீறி.

பிறகு ஒருநாள் செருப்பு நுழையவில்லை. பாதம் வீங்கியிருந்தது. லாட்ஜில் நின்றுகொண்டே இருப்பதால் என்றார். சாயங்காலம் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றார். குழுவில் கேட்டதற்கு, கெட்டது வெளியே போகிற அறிகுறி, விட்டுவிடாதீர்கள் என்று பதில் வந்தது. நான் போனைப் பிடுங்கிச் சோபாவில் எறிந்தேன்.

"போதும். நாளைக்கு ஒரு வாய் மோர் சோறு துன்னுங்க. உங்க கால்ல விழுறேன்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியம் பெருசா, உசுரு பெருசா?"

"காணிப்பாக்கத்துல பண்ணியிருக்கேன்டி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். அதற்கு மேல் நான் எதைச் சொல்லி வாதாடுவது? கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். சாதத்தைக் குழைத்து ஜூஸில் கலந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். செய்யவில்லை. எனக்கும் அந்தச் சாமியிடம் பயம். வெளியே சொன்னால் வெட்கம், ஆனால் இருந்தது.

மண்டலம் முடிந்த பிறகுதான் டாக்டரிடம் வர ஒப்புக்கொண்டார், திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றைக்கு நாத்தனாருக்கும் டயாலிசிஸ். அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் அவள் மிஷினோடு படுத்திருந்தாள், மேலே நாங்கள். எடை பார்த்த நர்ஸ் பாராட்டினாள். இவர் பரீட்சையில் தேறிய பையனைப் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்டரம்மா அதை இரண்டு தரம் படித்தார். திரும்ப எடுக்கச் சொன்னார். திரும்பவும் அதேதான் வந்தது.

"ஏம் தாகாரு மீரு? இன்னா குடிச்சீங்க இத்தனை நாளு?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார்.

இவர் உற்சாகமாகச் சொன்னார். பாலக்கீரை, பீட்ரூட், நெல்லிக்காய், பச்சையாக, தினமும், ஆர்கானிக். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சமைத்து அளவாகச் சாப்பிட்டால் இந்தக் கீரை ஒன்றும் செய்யாது, ஆனால் வேறு எதுவும் சாப்பிடாமல் பச்சையாக லிட்டர் கணக்கில் குடித்தால் அதிலுள்ள ஆக்சலேட் என்கிற உப்பு சிறுநீரகத்தில் போய்ப் படிந்துவிடும் என்றார். இவருடைய இரண்டிலும் படிந்திருந்தது. உடனே நிறுத்திவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டு மருந்து எடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். உங்களுக்குப் போதுமான அளவுக்குத் தேறும். ஆனால் இனிமேல் இன்னொருவருக்குக் கொடுக்கிற சிறுநீரகம் இல்லை என்றார்.

"எப்பவுமேவா?" என்று இவர் கேட்டார்.

"எப்பவுமே" என்றார் டாக்டரம்மா.

அந்த நிமிஷத்தில் என் நெஞ்சில் முதலில் வந்தது என்ன என்று கேட்டால், அப்பாடா என்பதுதான். அறுக்கமாட்டார்கள். அது வந்த மறுநொடி கீழ்த்தளத்தில் படுத்திருந்தவள் நினைவுக்கு வந்தாள். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றாக இருந்தன, ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை. இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தங்கையிடம் சொல்லும் தெம்பு அவருக்கு இல்லாததால் நான்தான் இறங்கிப் போய் அவளிடம் சொன்னேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேட்டுவிட்டு, "அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாதில்ல அண்ணி?" என்றாள். வேறு எதையும் கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கமாட்டேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்து, சாதம் குழைத்து, தட்டில் போட்டுக் கொடுத்தேன். அவர் தட்டைத் தள்ளிவைத்தார். கொடுக்கிற வரைக்கும் என்று சொன்னாராம். கொடுக்கவில்லையே. அப்படியானால் சத்தியம் முடியவில்லையாம். கீரையை நிறுத்திவிட்டார், ஜூஸை நிறுத்திவிட்டார். ஊறவைத்த அவலும் வெள்ளரிப் பிஞ்சும் மட்டும், அதிலும் பாதியை வைத்துவிடுவார். தங்கையைக் கைவிட்டவனுக்குச் சோறு எதற்கு என்பதுதான் உள்ளே இருந்தது, சத்தியம் அதற்கு ஒரு கதவு மாதிரி. அந்தக் கதவை என்னால் திறக்க முடியவில்லை. மாத்திரை வெறும் வயிற்றில் விழுந்து திரும்ப வெளியே வந்தது. கண்ணெதிரில் ஒரு மனிதர் நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருந்தார், நான் சாதம் வடித்துக்கொண்டே இருந்தேன்.

ஆலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகக் காணிப்பாக்கம் போனேன். குளத்துப் படியில் பூ விற்கிற ஒரு பெரியவரிடம், சத்தியத்தை எடுத்துவிட ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அபராதம், அங்கப்பிரதட்சணம், எது சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தேன். "செஞ்சது செஞ்சதுதாம்மா. சாமிகிட்ட குடுத்த வார்த்தையை மனுஷன் எப்டி வாங்கறது?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு முழம் பூவைச் சும்மா கொடுத்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே நாத்தனாருக்குப் போன் செய்தேன். உத்தரவாவது ஒன்றாவது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு எனக்கு டயாலிசிஸ் இல்ல அண்ணி. அண்ணனைக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டினு வாங்க. நான் வந்துடறேன்."

பாப்பா கூப்பிட்டாள் என்று சொன்னதால் வந்தார். தங்கையை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவள் திருப்பதியிலிருந்து தனியாகப் பஸ்ஸில் வந்திருந்தாள். முகம் ஊதி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்தாள், எலும்பாக இருந்தது. அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "மன்னிச்சுக்க பாப்பா" என்றார். அவள் நேராகக் குளத்துக்கு இறங்கினாள். முங்கவில்லை. ஊசி போடும் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தண்ணீரை அள்ளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டாள். புடவை முழுவதும் நனைந்தது.

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. அண்ணனை விடுவிக்கச் சொல்லி வேண்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். சன்னிதியில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. அவள் ஈரத்தோடு முன்னால் போய் நின்று, அண்ணன் சத்தியம் செய்த அதே இடத்தில், அவரைவிடச் சத்தமாகச் சொன்னாள்.

"சாமி, எங்கண்ணன் எனக்கு கிட்னி குடுத்துட்டாரு. நான் வாங்கிக்கினேன். இது சத்தியம்."

"பாப்பா, வேணாம்!" என்று இவர் கத்தினார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. அவள் திரும்பவும் சொன்னாள். "குடுத்துட்டாரு. என் வயித்துல இருக்குது. இனிமே அவரு துன்னலாம். பொய்யின்னா என்னைக் கேளு, அவரைக் கேக்காதே." கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். திருடன்கூடப் பொய் சொல்லத் துணியாத இடம் அது.

அன்னதானக் கூடத்தில் உட்கார்ந்தோம். இலையில் சாதம் விழுந்தது. இவர் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் ஈரப் புடவையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் ஊற்றி, பிசைந்து, ஒரு கவளத்தை அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். "துன்னு அண்ணா. நான் சொன்னதை வீணாக்காதே" என்றாள். அவர் வாயைத் திறந்தார். மெல்லமுடியாமல் மென்றார். கண்ணீரும் சாம்பாருமாக முகவாயில் வழிந்தது. பக்கத்தில் பரிமாறுகிறவர் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுவிட்டுப் போனார். அவள் இலையில் சாம்பார் வாங்கவில்லை, அவளுக்கு அது ஆகாது. வெறும் மோர் சாதம் ஒரு கைப்பிடி சாப்பிட்டாள், அளந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

இவர் தேறிவிட்டார். காலில் வீக்கம் இல்லை, லாட்ஜுக்குப் போகிறார், பூரி தின்பதில்லை. நாத்தனார் பெயர் அரசின் உறுப்பு தானப் பட்டியலில் இருக்கிறது. யாரோ ஒருவருடைய வீட்டில் இழவு விழுந்தால்தான் இவள் பிழைப்பாள். அதற்காக வேண்டிக்கொள்வதா கூடாதா என்றும் எனக்குத் தெரியவில்லை. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜூஸ் மிஷின் பரண்மேல் கிடக்கிறது, பாதி விலைக்குக்கூட வாங்க ஆள் இல்லை.

சாமி சத்தியத்தைக் கணக்கு வைத்துத் தண்டிக்கும் என்பதை எல்லாம் நான் நம்புகிறவள் இல்லை என்று வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனால் நாத்தனாரின் நம்பர் போனில் வரும்போதெல்லாம் உடனே எடுக்கமாட்டேன். முதலில் காணிப்பாக்கம் இருக்கும் திசையைப் பார்த்து, அவள் சொன்ன பொய்யை என் பேரில் எழுதிக்கொள் சாமி, அவள் பேரில் எழுதாதே என்று சொல்வேன். எத்தனையோ வருடம் ஊரார் கணக்கை எழுதியவள் கேட்கிறேன், இந்த ஒரு வரியை மாற்றி எழுத முடியாதா? அது முடிந்த பிறகுதான் போனை எடுப்பேன்.

"அண்ணி, அண்ணன் துன்னுட்டாரா?" என்பாள்.

"துன்னுட்டாரும்மா" என்பேன்.